டீக்கடைக் கிளாஸும் முதல் வரிசையும்

மாமா,

இன்று காலை ஆய்வகத்துக்குப் புதிய பஞ்சுக்குச்சிப் பெட்டி வந்தது. உறையைப் பிரித்து ஒன்றைக் கையில் எடுத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றி நின்ற மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாடம் நடத்துகிறவள் பஞ்சுக்குச்சியைப் பார்த்துச் சிரித்தால் பிள்ளைகள் என்ன நினைக்கும்? உங்கள் டீக்கடையில் நான் முதன்முதலாக இந்தக் குச்சியை எடுத்தபோது, டீ குடிக்க வந்தவர்களிடம் நீங்கள் சொன்னது அவர்களுக்குத் தெரியாதே. "எம் மருமக கிளாசுக்குக் காது கொடையுறா. சத்தம் போடாமக் குடிங்க."

அப்போது நான் எம்.எஸ்ஸி. கடைசி வருடம். கல்யாணமாகி உங்கள் வீட்டுக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. டீக்கடைக் கிளாஸ்களில் இருக்கும் நோய்க்கிருமிகள் என்று ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பு எடுத்திருந்தேன். எடுக்கும்போது பெரிய சாமர்த்தியமாகத்தான் தெரிந்தது. தேனி பஜாரில் இறங்கிப் பார்த்தால் ஒரு கடைக்காரரும் கிளாஸைத் தொட விடவில்லை. ஒருவர் என்னைச் சோதனைக்கு வந்த அதிகாரி என்று நினைத்து எழுந்து வணக்கம் வைத்தார். காலேஜ் பிள்ளை என்று தெரிந்ததும் உட்கார்ந்துகொண்டு, "எங்க கிளாசுல டீதேன் இருக்கு, போத்தா" என்றார். கட்டுரையை ஒப்படைக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கிளாஸ் கிடைக்காவிட்டால் கட்டுரை இல்லை, கட்டுரை இல்லாவிட்டால் பட்டம் இல்லை.

மாமனாரிடம் போய்க் கேட்க எனக்குக் கூச்சம். அடுப்படியில் நின்று அழுதுகொண்டிருந்தவளை நீங்களாகத்தான் பார்த்தீர்கள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நம்ம கடை என்னத்துக்கு இருக்கு? மொதல்ல அங்கன எடு. நாலு பேரு பாக்க எடு" என்றீர்கள்.

அப்படித்தான், கிளாஸ் விளிம்பைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து எடுத்தேன். அந்தச் செய்தி பஜார் முழுக்கப் பரவிவிட்டது. "அவுகளே குடுத்துட்டாக, நமக்கென்ன" என்று மற்றவர்களும் கிளாஸை நீட்டினார்கள். கட்டுரையில் கடைகளின் பெயரைப் போடமாட்டேன், எண் மட்டும்தான் என்று எல்லாருக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன். உங்கள் கடைக்கு ஒன்றாம் எண்.

ஆய்வகத்தில் அந்தக் குச்சிகளைக் கிருமி வளர்க்கும் தட்டுகளில் தடவி வைத்து, மறுநாள் தட்டுகளை வெளியே எடுத்து வரிசையாக வைத்தேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் கிருமி வளர்ந்திருந்தது. ஒன்றாம் எண் தட்டில் இடமே இல்லை. அதிலிருந்து துளி எடுத்து வேறொரு தட்டில் வளர்த்துப் பார்த்தால், பொன்வண்டின் முதுகு மாதிரி பச்சையாக மினுங்கியது. ஈ.கோலை. மனிதக் குடலில் இருக்கிற கிருமி. கிளாஸ் விளிம்பில் அதற்கு வேலை இல்லை. எனக்கு உங்கள் கடை வாளி ஞாபகம் வந்தது. காலையில் பிடித்த தண்ணீரில்தான் மத்தியானம்வரை கிளாஸ் முங்கி எழுந்தது. ஊரிலேயே நல்ல டீ உங்களுடையதுதான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் கிடையாது. வாளியைப் பற்றித்தான் யாரும் யோசிக்கவில்லை.

உங்கள் மகன் சுலபமாக ஒரு வழி சொன்னார். "ஒண்ணாம் நம்பர எடுத்துட்டு மிச்சத்த எழுது. அப்பாவுக்கு இதெல்லாம் எதுக்குச் சொல்லிக்கிட்டு?" நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தீர்கள்.

"ஏலே, என்னத்த எங்கிட்டச் சொல்லக் கூடாது?"

நாசூக்காகச் சொல்லத்தான் பார்த்தேன். இந்தக் கிருமியை நாசூக்காகச் சொல்ல முடியாது மாமா. எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் கேட்டதும், "கக்கூஸ் போயிட்டுக் கையச் சரியாக் கழுவலைன்னா வரும் மாமா. வாளித் தண்ணியில கலந்துரும்" என்றேன். உங்கள் முகம் செத்துப்போயிற்று. "நம்பி வந்த சனத்துக்கு இதையா குடுத்துக்கிட்டு இருந்தேன்" என்றீர்கள். எனக்கு அழுகையாக வந்தது.

"வேணாம்னா எடுத்துர்றேன் மாமா."

"எடுத்துட்டா கட்டுரையிலருந்து போயிரும் ஆத்தா. கிளாசுலருந்து போயிருமா?"

உங்களை மாமனார் என்ற மரியாதையைத் தாண்டி எனக்குப் பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்தான். உங்களிடம் அதை நான் ஒருநாளும் சொன்னதில்லை.

அடுத்த நாள் பால் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு அண்டா நிறைய வெந்நீர் கொதித்தது. கழுவிய கிளாஸ் அதில் கிடந்து எழுந்த பிறகுதான் டீ. கை சுடுகிறது என்று முணுமுணுத்தவர்களிடம் நீங்கள் காரணத்தை அப்படியே சொல்ல, ஒருவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். கொஞ்ச நாள் கூட்டம் குறைந்தது. அத்தைக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஊருல எவனாச்சும் தன் கடையத் தானே கெடுப்பானா?" என்று மூன்று வேளையும் சோற்றோடு சேர்த்து உங்களுக்கு அதையும் பரிமாறினார்கள். நீங்கள் பக்கத்துக் கடைக்காரர்களையும் விடவில்லை. "எங்கிளாசு பெயிலு. ஒங்களுதும் ஒண்ணும் பாசில்ல. பேசாம வெந்நி வைங்க" என்று கடை கடையாகப் போய்ச் சொன்னீர்கள். சிலர் வைத்தார்கள். சிலர் உங்களுக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள். விட்டுப்போன வாடிக்கைக்காரர்கள் மெல்லத் திரும்பி வந்தார்கள். உங்கள் டீ இல்லாமல் எத்தனை நாளைக்கு அவர்களால் இருக்க முடியும்?

கட்டுரையை முடிக்கும் முன் உங்கள் கிளாஸில் இன்னொரு தடவை எடுத்தேன். தட்டு துடைத்துவிட்டது மாதிரி இருந்தது. அதையும் அட்டவணையின் கடைசி வரிசையாகச் சேர்த்தேன்.

பைண்டு செய்த பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கிப் புரட்டினீர்கள். ஆங்கிலம் உங்களுக்குப் படிக்க வராது.

"இதுல நான் எங்கன இருக்கேன்?"

பெருமையாகக் கடைசி வரிசையைக் காட்டினேன். அதில் பூச்சியம்.

"மொதத் தடவ எடுத்தது?"

தயங்கித் தயங்கி மேலே முதல் வரிசையைக் காட்டினேன். அட்டவணையிலேயே பெரிய எண் அது. நீங்கள் அதன்மேல் விரலை வைத்தீர்கள்.

"கீழ இருக்கறது வெந்நி பாத்த வேலை ஆத்தா. இதுதேன் நான்."

மறுநாள் அந்தப் பிரதியைக் கடைக்கே எடுத்துப் போய்விட்டீர்கள். டீ குடிக்க வந்தவர்களுக்கெல்லாம் அந்த வரிசையைத்தான் காட்டினீர்களாம்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு கடையை யாரும் எடுத்து நடத்தவில்லை. நான் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கட்டுரையோடு வந்து நிற்கும். "மேடம், இந்த ஒரு ரீடிங் மட்டும் ஒத்து வரல. எடுத்துரவா?" கூடாது என்கிறேன். ஏன் என்று கேட்டால் புத்தகத்தில் இருக்கிற காரணங்களைச் சொல்கிறேன். எல்லாம் சரியான காரணங்கள்தான். ஆனால் அந்தப் பிள்ளை காட்டுகிற வரிசையின் மேல் டீக்கறை படிந்த ஒரு விரல் இருக்கிறது மாமா. அதை நகர்த்திவிட்டு அழிக்க எனக்கு மனசு வருவதில்லை.