சிங்கத்திடம் அம்மா கேட்டது

வியாழன், இரவு.

நாளை ஹாக்கி அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். நான் கோல்கீப்பர். பந்து வரும்போது கண்ணை மூடிவிடுகிறேன் என்று கோச் இன்றும் திட்டினார்.

சாயங்காலம் டிவியில் சீனக் கார்ட்டூன் படம். ஊரே கேலி செய்யும் இரண்டு பையன்கள் துணிச் சிங்கத்துக்குள் புகுந்து கொட்டுக்கு ஆடினார்கள். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து வந்த அம்மா, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

"ஏட்டி, சாமி வந்து ஆடுதுல்லா. குறி கேளு."

"எம்மா, அது படம்."

அவளே கேட்டாள்: "எம் மவளுக்கு நாளைக்கு எடம் கெடைக்குமா சாமி?"

சிங்கம் கண்ணை மூடியது.

"சாமி சரின்னு சொல்லிட்டுது பாரு" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பாயில் உட்கார்ந்து எழுதுகிறேன். அதன் கம்பிகளுக்கு அப்பால் விளக்கு மிதக்கிறது. அம்மா போன பிறகு அந்தச் சிங்கம் பாய்ந்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். பாயும்போதும் அது கண்ணைத் திறக்கவே இல்லை.