உப்பில் இறங்கிய கார்

ஹான்காக், மிச்சிகன்
ஜனவரி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள காய்சாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நம் சபையார் தங்களுக்குள் மட்டும் சொல்லிக்கொள்ளும் ‘தேவ சமாதானம்’ என்ற வாழ்த்தை, நீ சபையை விட்ட நாளிலிருந்து உனக்கு நான் எழுதுவதில்லை. நீயும் ஏன் என்று கேட்டதில்லை. இந்தக் கடிதத்தையும் அது இல்லாமலேதான் தொடங்குகிறேன்.

டெக்சஸ் வெயிலில் உன் கப்பல் பட்டறை வேலை நன்றாக நடக்கிறதா? இரும்பைப் பற்றவைக்கும்போது முகமூடி போட மறக்காதே. இங்கே பனி சமையலறை ஜன்னலின் பாதி வரைக்கும் ஏறிவிட்டது. அப்பாவின் இடுப்பு நன்றாக ஆறிவருகிறது. புது மூட்டு வைத்த காலை ஊன்றி, சனிக்கிழமை வெந்நீராவிக் குளியலுக்குத் தடி இல்லாமலே போய் வந்தார். திரும்பி வந்து ஏலக்காய் ரொட்டியில் பாதியைத் தின்றுவிட்டார்.

பயப்படாதே, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் உன்னிடம் தொலைபேசியில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சொல்லாமல் விட்டேன்.

அக்டோபரில் நீ கிளம்பிய அன்று களஞ்சியத்தில் உன் நீலக் காருக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டு என்னிடம் சொன்னாய்: “அம்மா, நம்ம பழைய பிக்கப் வண்டி இந்தக் குளிரத் தாண்டாது. நின்னு போச்சுன்னா மெக்கானிக் புஸ்கலாவோட பட்டறைக்குப் போ, ஒரு ஓட்டை வண்டி சொல்லி வச்சிருக்கேன். பனி தீர்ற வரைக்கும் அதுல போங்க. அது துருப்பிடிச்சா யாரு அழப்போறா? என் காரை மட்டும் பனி உருகக் கொட்டுற ரோட்டு உப்புல எறக்காத.” நான் சொன்ன பதிலும் எனக்கு மறக்கவில்லை. “இத்தனை வருசம் வேர்வை சிந்தி ஒரு ஆடம்பரத்த வாங்கியிருக்க, பின்னாடி டிக்கி மேல றெக்கை வேற. இதுக்குப் படுற கவலைய உன் ஆத்துமாவுக்குப் படு” என்றேன். நீ பையைத் தூக்கிக்கொண்டாய்.

நவம்பர் கடைசியில், நன்றித் திருநாள் கழிந்த வாரமே பிக்கப் கியர் விழாமல் நின்றுவிட்டது. அதை உனக்குச் சொல்லவில்லை. அப்பாவையும் சொல்லவிடவில்லை. அவரை இடுப்புப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. பால் வாங்கினாலும் அன்றே எழுதி வைக்கிறவள் அல்லவா, உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நான்கு சக்கரமும் இழுக்கிற நல்ல கார் வீட்டில் சும்மா நிற்கும்போது காசு கொடுத்துத் துருவை வாங்குவதா? தேவன் தந்ததை வீணாக்கக் கூடாது என்று அதன்மேல் ஒரு வேத வசனத்தையும் போர்த்திக்கொண்டேன்.

உள்ளே இருந்தது வேறு. கதவு ஒரு நிறம், கூரை ஒரு நிறமாக இருக்கிற வண்டியில் போய்ச் சபை வாசலில் இறங்க எனக்கு வெட்கமாக இருந்தது, காய்சா. வீட்டுக்குப் பத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிற வேன்களுக்கு நடுவே, பெற்ற ஒரே பிள்ளையையும் வெளியே விட்டவள் என்ற பெயர் எனக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஓட்டை வண்டியும் சேர வேண்டாம் என்று நினைத்தேன்.

டயரைப் பார்க்காமல் எடுக்கவில்லை. அப்பா கற்றுத் தந்தபடி ஒரு சென்ட் காசைத் தலைகீழாகப் பள்ளத்தில் செருகினேன். காசில் இருந்த தலை நெற்றி தாண்டி மறைந்தது. இவ்வளவு ஆழமான டயர் எந்தப் பனியையும் பிடிக்கும் என்று எனக்கு நானே சான்று கொடுத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். சாலை காய்ந்திருந்த ஒரு நாள், ஏரியை ஒட்டி நேராகப் போகிற இடத்தில், கொஞ்சம் அழுத்திப் பார்த்தேன். கார் என்னை இருக்கையோடு சேர்த்துத் தள்ளியது. நான் சிரித்துவிட்டேன். அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, “வெர்னா, இது ஆஸ்பத்திரிக்குப் போற வேகமா, ஆஸ்பத்திரியில சேர்ற வேகமா?” என்று கேட்டார். அன்று எனக்கு உன்மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. அப்போதே உனக்கு எழுதியிருக்க வேண்டும்.

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு, மூக்கு விறைக்கிற குளிர். புதுப் பனிகூட இல்லை. சபைக்கு இறங்குகிற சரிவில் பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் கடகடவென்று அதிர்ந்ததே தவிர, கார் நிற்கவில்லை. படியில் நின்றிருந்த ஆண்கள் பிள்ளைகளை வாரிக்கொண்டு ஒதுங்கினார்கள். அப்பா தன் கையை என் மார்புக்குக் குறுக்கே நீட்டினார், நான் ஏதோ சின்னப் பிள்ளை என்பதுபோல. வாசலைத் தாண்டிப் போய், கல்லாக உறைந்திருந்த பனிக்குவியலில் மோதினோம். முன்பக்கம் நொறுங்கி, ஒரு விளக்கு கம்பியில் தொங்கியது. ரேடியேட்டரிலிருந்து பச்சைத் தண்ணீர் வெள்ளைப் பனியில் ஓடியது.

அப்பாவுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் லொரெய்ன் சபைப் படியிலிருந்து இறங்கி என் அருகே வந்து, “றெக்கை இருக்குன்னு பறந்தே வந்துட்டியா, வெர்னா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

புஸ்கலா இழுவை வண்டியோடு வந்தார். குனிந்து டயரை விரல் முட்டியால் தட்டினார். மரத்தைத் தட்டிய சத்தம். “இது கோடை டயருங்க. குளிர்ல கல்லாயிரும். காசு செருகிப் பாத்தீங்களாக்கும்? பள்ளம் இருந்து என்ன, ரப்பர் மெத்துனு இருக்கணுமே” என்றார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்: “ஆமா, காய்சா தயார் பண்ணி வச்ச வண்டிய ஏன் எடுக்க வரல? அதுமேல விழுற பனியத் தள்ளித் தள்ளியே என் முதுகு போச்சு.”

மறுநாள் போய்ப் பார்த்தேன். பழுப்பு வண்டி, ஒரு கதவு பச்சை. நான்கும் பனி டயர்கள். துருப்பிடித்து ஓட்டையாகிவிட்ட தரையில் இரும்புத் தகடு வைத்து நீயே பற்றவைத்ததாகப் புஸ்கலா சொன்னார். தரைவிரிப்பை விலக்கிக் காட்டினார். கையுறையைக் கழற்றிவிட்டு அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தேன். என் தையல்கூட அவ்வளவு நேராக வராது. அப்பா உட்காரும் பக்கத்து இருக்கையை மட்டும் உயர்த்தி வைத்திருக்கிறாய், அவர் இடுப்பை மடக்காமல் ஏறுவதற்காக. இதையெல்லாம் செய்துவிட்டு, ‘ஓட்டை வண்டி’ என்று மட்டும் என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாய்.

மோதிய அன்று மாலையே நீ அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டாய். அவர் என்னிடம் கொடுத்தார். “கார் எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டாய். “தார்ப்பாய் போட்டு மூடியிருக்கு” என்றேன். அது உண்மைதான். மதியம்தான், புஸ்கலா களஞ்சியத்தில் இறக்கிவிட்டுப் போனதும், மூடியிருந்தேன். அப்பா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

போன ஞாயிறு சபையில் எழுந்து நின்று இதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன். வழக்கப்படி ஒவ்வொருவராக என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, ‘மன்னிக்கப்பட்டாய் என்று விசுவாசி’ என்றார்கள். லொரெய்ன் அழுதுவிட்டாள். அன்று மாலை நீ மறுபடி கேட்டாய். மறுபடி தார்ப்பாய் என்றுதான் என் வாயில் வந்தது. அவர்கள் மன்னித்தார்கள், ஆனால் கார் அவர்களுடையது இல்லையே. சபைக்கு வெளியே இருக்கிறவர்கள் சொல்லும் மன்னிப்பு மன்னிப்பாகாது என்று உன் முகத்துக்கு நேராகவே சொன்னவள் நான். இப்போது வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

காருக்கு அடியில் ஒட்டியிருந்த உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவிவிட்டேன், களஞ்சியத்தில் மண்டியிட்டு, பழைய துணியால். சில இடங்களில் துருவின் செம்மை தெரிகிறது. நீ வந்து பார்க்காமல் கைவைக்க மாட்டேன் என்கிறார் புஸ்கலா. செலவு என்னுடையது, அதைப் பேச வேண்டாம். பழுப்பு வண்டி தினமும் காலையில் முனகிவிட்டுக் கிளம்புகிறது. அதில் சபைக்குப் போன முதல் நாள் பின்பக்கம் நிறுத்தப் போனேன். “முன்னாடி நிறுத்து, வெர்னா. என் மக செஞ்ச வண்டி” என்றார் அப்பா. முன்னாலேயே நிறுத்தினேன்.

ஞாயிற்றுக்குள் இது உன் கைக்கு வந்துவிடும். எப்போதும்போல் கூப்பிடு. அப்பாவிடம் பேசிய பிறகு என்னிடம் கொடுக்கச் சொல். கோபமாக இருந்தால் கோபமாகவே கேள், ஆனால் கார் எப்படி இருக்கிறது என்று இன்னும் ஒரே ஒரு முறை என்னைக் கேள்.

தேவ சமாதானம், காய்சா.

உன் அம்மா,
வெர்னா