வயிற்றுப் படத்தின் மேல் சந்தேகம்

அனுப்புநர்:
நாகையா,
ரயில்வே பாயிண்ட்ஸ்மேன்,
ரயில்வே குவார்ட்டர்ஸ்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.

பெறுநர்:
தலைமை மருத்துவ அதிகாரி துரை அவர்கள்,
கோலாலம்பூர்.

பொருள்: என் மகனின் வயிற்றைக் கிழிக்குமுன் மறுபடம் எடுக்க வேண்டுதல்.

மதிப்புக்குரிய துரை அவர்களுக்கு,

1. என் மகன் வேலாயுதம், வயது நான்கு. மலக்கட்டினால் வயிறு உப்பி, சோற்றைத் தள்ளி அழுததால் ஞாயிறன்று ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். வார்டு டாக்டர் வயிற்றைத் தொட்டும் பார்க்காமல் எக்ஸ்ரே படத்துக்கு எழுதினார். மலம் அடைத்து நிற்பதோடு அடிவயிற்றில் உலோகத் துண்டு ஒன்றும் சிக்கியிருப்பதாகப் படம் காட்டுகிறதாம். நாளைக் காலை அறுவை என்கிறார்.

2. பிள்ளை எதையும் விழுங்கவில்லை என்று தாய் சத்தியம் செய்தாள். வேறு யாருடைய பிள்ளையின் படத்தையோ எங்கள் தலையில் கட்டுகிறார்கள் என்றே நான் நினைத்தேன். வேறு வண்டிக்குப் போட்ட சிக்னலைப் பார்த்து இந்த வண்டியை விட்டால் என்ன ஆகும் என்பது என் வேலையில் எனக்குத் தெரியும்.

3. உண்மை நேற்று மாலைதான் தாயின் வாயாலேயே வெளிவந்தது. படம் எடுக்குமுன் உலோகம் எல்லாவற்றையும் கழற்றும்படி, வார்டில் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர் சொன்னபோது, என் மனைவி பவுனம்மாள் பிள்ளையின் காப்பைக் கழற்றிவிட்டு, அவன் அரைஞாணில் கட்டிய செப்புத் தாயத்தை மட்டும் முதுகுப் பக்கம் தள்ளித் துணிக்குள் மறைத்திருக்கிறாள். நோயில் கிடக்கும் பிள்ளையின் இடுப்பு வெறுமையாக இருக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். எக்ஸ்ரே ஒளி உடம்பை ஊடுருவுவதால், முதுகில் கிடந்தது வயிற்றில் கிடப்பதாகப் படத்தில் விழுந்துவிட்டது.

4. இதை அந்த டிரஸ்ஸரிடம் சொன்னேன். "கத்திக்குப் பயந்து கதை கட்டுறீங்க லா" என்று சிரித்தார். எல்லாவற்றையும் தம் கையாலேயே கழற்றியதாக டாக்டரிடம் சொன்னவர் அவர்தான். இப்போது மாற்றிப் பேசினால் தம் வேலை போய்விடும் என்றே வாயை மூடிக்கொண்டிருப்பதாகச் சந்தேகிக்கிறேன். டாக்டரை நான் பார்க்கவும் அவர் விடவில்லை.

5. விளக்கெண்ணெய் கொடுத்ததில் பிள்ளை இன்று விடியற்காலை நன்றாக வெளிக்குப் போனான். வயிறு இளகிவிட்டது. கஞ்சி கேட்டுக் குடித்தான். ஆனாலும் அறுவை நிற்கவில்லை. படத்தைப் பார்க்கிறவர்கள் பிள்ளையைப் பார்க்க மாட்டார்களா, துரை அவர்களே? எனக்குப் பயமாக இருக்கிறது.

6. தாங்களே ஒரு தடவை அவன் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, இன்றே மறுபடம் எடுக்க உத்தரவிடும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். அரைஞாணை அறுக்க விடமாட்டேன் என்று அழுது நின்ற பவுனம்மாள், இன்று காலை தானே அதை அறுத்துவிட்டாள். பிள்ளையின் இடுப்பில் இப்போது அவள் கையைத் தவிர வேறொன்றும் இல்லை. படம் எடுக்கும் நேரம் அதையும் எடுத்துவிடுவாள் என்று உறுதி கூறுகிறேன்.

இடம்: கோலாலம்பூர்
நாள்: 14-8-1934

தங்கள் உத்தரவுக்காக வார்டு வாசலிலேயே நிற்கும்,
(ஒப்பம்) நாகையா