முதல் ஞாயிறு இலவசம்

ஆய்வாளர் குடியிருப்பு,
பிப்ரவரி 14

அன்புள்ள வாத்தியாருக்கு,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. நீங்கள் ஊருக்குப் போய் ஒரு வாரமாகிறது. ஃபோன் செய்தால் எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

இங்கே தேர்வு முடிந்த குஷியில் புல்வெளி முழுக்கப் பிள்ளைகள் படுத்துக் கிடக்கிறார்கள். எனக்கு வழக்கம்போல ஆய்வகம், காப்பி இயந்திரம், மறுபடி ஆய்வகம். ஆய்வகத் தட்டில் வளர்க்கும் என் செல்களுக்குத் தினமும் தீனி மாற்றியாக வேண்டும். "கட்டின புருஷனுக்கு ஒரு நாள் இப்படிப் பாத்துப் பாத்துப் போட்டிருப்பியா?" என்று நீங்கள் கேட்பது இங்கே வரை கேட்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த ஞாயிறு அருங்காட்சியகம் மூடும் நேரத்தில் நான் ஓடி வந்தபோது, வாசல் காவலாளி "யாரு சார் இவங்க?" என்றார். நீங்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே "தெரியலையே" என்றீர்கள். விளையாட்டு என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து நீங்கள் பெட்டி கட்டின பிறகுதான் உறைத்தது.

கட்டுரை ஆய்விதழுக்குப் போயிருக்கிறது. ஏற்றுக்கொண்டால் பட்டம் கையில். அப்புறம் எல்லா ஞாயிறும் உங்களுக்குத்தான். வந்துவிடுங்கள்.

உங்கள்
டாக்டரம்மா (இன்னும் ஆகவில்லை)


அக்கா வீடு,
பிப்ரவரி 27

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

வந்து சேர்ந்தேன். மாடி அறையில் இருக்கிறேன். நான் வேலை பார்த்த பள்ளியில் என் டிராயிங் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்து நாளாகிவிட்டது. மாமா நல்லவர், எதுவும் கேட்பதில்லை. அக்காதான் சோறு போடும்போதெல்லாம் "சண்டையாடா?" என்கிறாள். சண்டை போடக்கூட நீ வீட்டில் இருந்ததில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

காவலாளி விஷயம். ஆத்திரத்தில் சொன்னதல்ல. உன் படிப்புக்காக வேலையை விட்டுக் கூடவே வந்தேன். அந்த நகரத்தில் நான் நுழையாத ஓவியக்கூடம் இல்லை. இசை அரங்கில் ஒத்திகை பார்க்கச் சும்மா விடுவார்கள். இரண்டு நாள் போகாவிட்டால் கதவு திறப்பவர் என்னை விசாரிப்பார். பார்த்ததையெல்லாம் உன்னிடம் சொல்ல ஓடி வருவேன். நீ சாப்பிட்ட கையோடு மேஜையிலேயே தூங்கிப்போயிருப்பாய்.

மாதத்தின் முதல் ஞாயிறு அருங்காட்சியகத்தில் கட்டணமில்லை என்று நமக்காக அந்த ஒரு நாளைத்தான் ஒதுக்கினோம். நாலு வருஷத்தில் ஒரே ஒரு தடவை நேரத்துக்கு வந்தாய். மற்ற ஞாயிறெல்லாம் வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். காவலாளி கேட்டபோது நிஜமாகவே எனக்கு வேறெதுவும் வாயில் வரவில்லை.

குழந்தைப் பேச்சையும் பட்டத்துக்கு அப்புறம் என்று தள்ளிவைத்தோம். எல்லாம் அந்தச் செல்லுக்குத்தான் போயிற்று. போகட்டும். அது ஒன்றாவது நல்லபடியாக முடிந்தால் நாம் இழந்ததற்கு ஒரு அர்த்தம் இருக்கும். முடிந்ததும் எழுது, வருகிறேன்.

வாத்தியார்


ஆய்வாளர் குடியிருப்பு,
ஏப்ரல் 19

அன்புள்ள வாத்தியாருக்கு,

முடிந்துவிட்டது. நீங்கள் நினைத்த மாதிரி இல்லை.

என் செல்கள் நான் சொல்கிற செல்கள்தானா என்று சோதித்து அனுப்பச் சொன்னார்கள் இதழ்க்காரர்கள். சம்பிரதாயம்தானே என்று அனுப்பினேன். இல்லையாம். பக்கத்து மேஜைக்காரி வளர்க்கும் செல், களை மாதிரி வேகமாக மண்டுவது, என் தட்டில் புகுந்து என்னுடையதை ஒழித்துவிட்டிருக்கிறது. மூன்று வருஷமாக நான் கண்விழித்துத் தீனி போட்டது வேறு எதற்கோ. என் ஆய்வு வழிகாட்டி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டார். உதவித்தொகை ஜூனோடு நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து தொடங்க என்னிடம் தெம்பும் இல்லை, நேரமும் இல்லை.

உறையவைத்த பழைய மாதிரிகளையும் சோதித்தோம். எந்த வாரம் கலந்தது என்று தெரிந்துவிட்டது. ஒரு செல்லுக்கு ஊற்றும் தீனிப் புட்டியை இன்னொன்றுக்குத் தொடக் கூடாது. இங்கே முதல் நாள் சொல்லித் தரும் பாடம் அது. அந்த வாரம் அவள் லீவு, அவளுடைய தட்டுகளையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் மட்டும் இரண்டுக்கும் ஒரே புட்டி. அன்று ஞாயிற்றுக்கிழமை. நீங்கள் படியில் காத்திருப்பீர்களே என்ற அவசரம். நேரத்துக்கு வந்தாய் என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஞாயிறுதான்.

அன்றைக்கும் வராமலே இருந்து தொலைத்திருக்கலாம்.

இதை உங்களுக்கு எழுதியிருக்கக் கூடாது. வேறு யாரிடம் சொல்வேன்? ஆய்வகத்தில் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுகிறார்கள், சாவு வீட்டில் பேசுவது போல. தயவுசெய்து வாருங்கள். தனியாக இருக்க முடியவில்லை.

உங்கள்
நான்


அக்கா வீடு,
மே 2

அன்புள்ள டாக்டரம்மாவுக்கு,

அப்படிக் கூப்பிடுவதை என்னால் நிறுத்த முடியாது. பொறுத்துக்கொள்.

கடிதம் வந்த அன்றே பெட்டி கட்டினேன். அக்கா வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். மாமா ஆட்டோவைக் கூட்டி வந்து வாசலில் நிறுத்திவிட்டார். கிளம்புமுன் இன்னொரு தரம் படித்தேன். ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

உன்மேல் கோபமில்லை. அந்த நிலைமையில் யாருக்கும் அப்படித்தான் எழுத வரும். நான் சொல்வது வேறு. அந்த ஞாயிறு மேல்மாடியில் மண்பாண்டங்கள் வைத்த அறையில் நம் இருவரைத் தவிர யாருமில்லை. நீ ஒவ்வொன்றாகக் காட்டி "இது எதுக்கு? இது எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாய். முக்கால்வாசி எனக்கும் தெரியாது, வாய்க்கு வந்ததை அடித்துவிட்டேன். பொய் என்று தெரிந்தும் நீ தலையாட்டினாய். அதற்குப் பிறகு படியில் உட்கார்ந்த மாதமெல்லாம் அந்த ஒரு நாளை நம்பித்தான் உட்கார்ந்தேன். இங்கே வந்தபோதும் எனக்கென்று அது ஒன்று இருந்தது.

இனி நான் அங்கே வந்தால், என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் உனக்கு அந்தப் புட்டிதான் ஞாபகம் வரும். உன்னைப் பார்த்தால் எனக்கும் அதுதான். நாம் சேர்ந்து சந்தோஷமாக இருந்த ஒரே நாளில்தான் உன் படிப்பு பாழானது என்று தெரிந்த பிறகு, உன் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியமில்லை.

வீட்டைக் காலி செய்யும்போது என் வர்ணப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடு. உன் அம்மாவிடம் போ, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். வேளைக்குச் சாப்பிடு.

நான் வரவில்லை.

வாத்தியார்