சாரலில் சோதித்த சிப்

2025 ஜூலை 6, ஞாயிறு

ஐந்தருவி பக்கத்து லாட்ஜில் எங்கள் ஷேர் குழுவின் கூட்டம். ஏழு பேரில் பெண் நான் ஒருத்திதான். ஜெல்விக்ஸ் என்ற செல்போன் சிப் கம்பெனியில் குழுப் பணத்தைப் போடலாமா என்று பேச்சு. அதில் நானும் என் வீட்டுக்காரர் பெலிக்ஸும் வடகரையில் வீடு கட்ட வைத்திருந்த பணமும் இருக்கிறது.

ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் நம்பிராஜன் அண்ணாச்சிதான் தலைமை. “போட்டிக்காரன் சிப் விலையில பாதிதான் இவன் விலை. இனி சின்ன போனெல்லாம் இவன் கைலதான்” என்றார். அந்தச் சிப் போட்ட போன்கள் சூடேறி அணைந்துபோய் என் ரிப்பேர் கடைக்கு வருகின்றன, மற்றவை இவ்வளவு வருவதில்லை என்றேன். உடனே தன் புதுப் போனில் முக்கால் மணி நேரம் வீடியோ ஓடவிட்டு என் கையில் வைத்தார்.

“தொட்டுப் பாரு தாயி. ஐஸ் மாதிரி கெடக்கு.”

சாரல் அடிக்கிற ஜன்னலோரம் வைத்தால் கொதிக்கிற குழம்புகூட ஆறிப்போகும். “இத சித்திர மாசம் வெயில் காயுற திருவேங்கடத்துல வச்சுப் பாருங்க அண்ணாச்சி” என்றேன். சிரித்தார்கள். “ரிப்பேர் கடைக்கு ரிப்பேரான போன்தான வரும்” என்றார் குழுவில் ஒருவரான சுபாஷ்.

வாங்கலாம் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். ஆறு கை. அதில் ஒன்று என் புருஷன் கை.

ஜூலை 7

பெலிக்ஸ் தட்டில் சட்னி இல்லாமல் தோசையை மட்டும் வைத்தேன்.

ஜூலை 9

“அத்தன பேர் முன்னால பொண்டாட்டிக்கு ஏத்துக்கிட்டுப் பேசுனா என்னட்டி நெனைப்பாங்க?” என்கிறார் பெலிக்ஸ்.

என்ன நினைப்பார்கள்? இவர் போனையும் இவர் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் போனையும் பதினாறு வருடமாக நான்தான் பிரித்துப் போடுகிறேன். அப்போது மட்டும் எனக்குத் தெரியுமாம். பணம் போனால் போகட்டும் — அந்தக் கை எப்படித் தூக்க வந்தது?

நவம்பர் 16

ஷேர் பதினெட்டு சதவீதம் ஏறியிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் அண்ணாச்சி அருவிப் படம் போட்டு, “சிலர் பயந்தார்கள்” என்று எழுதியிருக்கிறார். சிலராம். ஷெர்லின் என்று பேரைச் சொல்ல வேண்டியதுதானே. பெலிக்ஸ் அதற்கும் கட்டைவிரல் போட்டிருக்கிறார்.

2026 ஏப்ரல் 19, ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது. இந்த வாரம் மட்டும் ஜெல்விக்ஸ் சிப் போட்ட முப்பத்தொரு போன்கள். ராயகிரி, திருவேங்கடம் பக்கம்தான் அதிகம். “வாங்கி ஆறு மாசம்கூட ஆகலக்கா” என்று இசக்கிச்செல்வி அழாத குறை. தையல் ஆர்டரெல்லாம் அவளுக்கு இந்தப் போனில்தான் வருகிறது. இந்தக் கம்பெனி வளரும் என்று கை தூக்கியவர்கள் வந்து அவளுக்குப் பதில் சொல்லட்டும்.

சாப்பாடு கொண்டுவந்த பெலிக்ஸ் நான் சோதிக்க ஓடவிட்டிருந்த ஒரு போனை எடுத்துச் சட்டென்று கீழே வைத்தார். விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 29

பெரிய போன் கம்பெனி ஒன்று ஜெல்விக்ஸை விட்டுப் போட்டிக்காரன் சிப்புக்கு மாறிவிட்டது. ஒரே நாளில் ஷேர் பாதியாகிவிட்டது. இந்த வருடம் வடகரையில் அஸ்திவாரம்கூட இல்லை.

மே 3

குழுவில் அண்ணாச்சி எழுதியிருக்கிறார்: “சாரலில் வைத்துச் சோதித்தது சரியில்லை என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது.”

நாலு தடவை எழுதி அழித்தேன். அதற்குள் கீழே பெலிக்ஸ்: “அதைச் சொன்னது என் மனைவி, அண்ணாச்சி. கை தூக்கியது நாம்.”

ஒரு மணி நேரமாகப் பெலிக்ஸ் கடை வாசலில் பைக்கிலேயே உட்கார்ந்திருக்கிறார், உள்ளே வராமல். கையிலிருக்கும் போனை மூடி ஸ்க்ரூ போட்டுவிட்டுப் போய்க் கூப்பிட வேண்டும்.