கதிரையில் இருத்திக் கீறிய பாதம்

சப்பாத்து வந்து சேர்ந்துவிட்டது. கனடாவிலிருந்து மருமகள் அனுப்பியது. பெட்டியைத் திறந்ததும் புது ரப்பர் மணம் அறை முழுக்கப் பரவியது. வலது காலை உள்ளே விட்டேன். போனது. சின்ன விரல் எங்கும் முட்டவில்லை, பெருவிரல் மடங்கவில்லை, ஐந்தும் அதனதன் இடத்தில் போய் இருந்தன. எழும்பி நாலடி நடந்து பார்த்தேன். சந்தோஷப்பட வேண்டியவள், வெறும் பெட்டியைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். பூனை பயந்து குசினிக்குள் ஓடியது.

அகலப் பாதக்காரருக்கென்று தனியாகச் செய்கிறார்களாம். சைக்கிள் ஓடுவதற்கென்றே, அடி கெட்டியாக, முன்பக்கம் தாராளமாக. நேற்று முந்தாநாள் தொடங்கியதும் அல்ல, கனகாலமாகச் செய்கிறார்களாம். இதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தை யாரிடம் சொல்லி ஆறுவது? உம்மிடம்தான் சொல்ல வேண்டும். நீர் கண்ணை மூடி ஒரு வருஷமாகப் போகிறது, என்றாலும் இது உமக்கு வந்திருக்க வேண்டிய பெட்டி.

எங்கள் இருவருக்கும் ஒரே கால். நீளமும் ஒன்று, அகலமும் ஒன்று. மழை நாட்களில் ஒருவர் செருப்பை மற்றவர் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்த பிறகுதான் நிறத்தைக் கவனித்திருக்கிறோம். வேலணையிலிருந்து குறிகட்டுவான் வரைக்கும் சைக்கிள், அங்கே அதைப் பூட்டிவிட்டுப் படகு, நயினாதீவில் பள்ளிக்கூடம். நீர் தமிழ் ரீச்சர், நான் கணிதம். பஸ் தன்பாட்டுக்கு வரும், படகு நமக்காக நிற்காது. பள்ளிக்கூடத்தில் கூட்டம் நடக்கும்போது அதிபர் யாருக்காவது அகலக்கால் வைக்க வேண்டாம் என்று புத்தி சொன்னால், எல்லோரும் மேசைக்குக் கீழே எங்கள் கால்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். நீரும் சேர்ந்து சிரிப்பீர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடலுக்கு நடுவே போகும் தாம்போதித் தெருவில் சோளகக் காற்று முகத்தில் அடிக்கும்போது நீர் ஆசனத்தில் இருக்கவே மாட்டீர். எழும்பி நின்று, உடம்பின் பாரமெல்லாம் காலில் இறக்கி மிதிப்பீர். செருப்பு வழுக்கும். பெடலின் ரப்பர் தேய்ந்து கம்பி உள்ளங்காலில் ஏறும். சைக்கிளை விட்டுவிட்டு என் மகனின் மோட்டார் சைக்கிளில் ஏறும் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஒரே பதில்தான் வரும்.

"ஆரின்ரையும் கரியரில இருந்து போக என்னால ஏலாது."

தனியே இருந்த மனுஷி நீர். கடைக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும், ஆரையும் கேட்காமல், ஆருக்கும் காத்திராமல் போய் வந்தீர் என்றால் அந்தப் பழைய சைக்கிளால்தான். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து கால் விறைக்கத் தொடங்கியபோது டொக்டர் சைக்கிளை விடச் சொல்லவில்லை. ஓடுவது நல்லது என்றார். ஆனால் செருப்போடு ஓடக் கூடாது, விரல்களை இறுக்காத மூடின சப்பாத்து வேண்டும் என்றார். அவர் ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார்.

யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்தோம். பெண்களுக்கான சப்பாத்தெல்லாம் முன்பக்கம் ஒடுங்கின கிளிமூக்கு. ஆண்களின் சப்பாத்தில் அகலம் கிடைத்தால் நீளம் இரண்டு விரற்கடை மிஞ்சும், குதிக்கால் கழன்று கழன்று வரும். ஒருத்தன் போடப் போட இளகும் என்றான். இன்னொருத்தன் உமது காலை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கால்தான் பிழை அக்கா என்றான். எனக்கு அவனுடைய கடையை நெருப்பு வைத்துக் கொளுத்தலாம் போல இருந்தது. நீர் செருப்பை மாட்டிக்கொண்டு அமைதியாகச் சொன்னீர்.

"என்ர கால் எனக்கு அளவாத்தான் இருக்கு தம்பி. உம்மட சப்பாத்துத்தான் வேற ஆரின்ரையோ காலுக்குச் செய்தது."

அதைத்தான் நானும் கேட்கிறேன். எவனுடைய காலை வைத்து இந்த அச்சைச் செய்தார்கள்? தோட்டத்து மண்ணிலும் மண்கும்பான் கடற்கரையிலும் வெறுங்காலோடு ஓடி வளர்ந்த சனம் நாங்கள். தீவில் பாதிப் பேருக்கு இந்தக் கால்தான். அந்தக் கால்களுக்கு நடுவே கடையை வைத்துக்கொண்டு, ஒடுங்கின சப்பாத்தை இறக்கி விற்றுக்கொண்டு, காலைப் பிழை சொல்ல அவனுக்கு எவ்வளவு துணிவு!

பிறகுதான் டென்மார்க்கில் இருக்கும் உமது தம்பியிடம் சொன்னோம். காலைத் தாளில் வைத்துச் சுற்றிவரக் கோடு கீறி அனுப்பச் சொன்னார். வெளிநாட்டில் ஆட்கள் இருக்கிற வீடுகளில் இது பழைய வழக்கம். முன்பு காகிதத்தில் கீறிக் கடிதத்துக்குள் மடித்து வைப்பார்கள், இப்போது கீறிப் படமெடுத்துப் போனில் அனுப்புகிறோம். உமக்கு அன்று முழங்கால் உளைவு. குனியவும் நிற்கவும் கஷ்டம் என்று உம்மைக் கதிரையில் இருத்தி, ஸ்டூலில் கணிதக் கொப்பியில் கிழித்த ஒற்றையை விரித்து, அதன்மேல் உமது காலைத் தூக்கி வைத்து நான்தான் கீறினேன். பென்சில் உள்வளைவில் போகும்போது கூசுகிறது என்று சிரித்தீர். நீளம், அகலம் இரண்டையும் மில்லிமீற்றரில் எழுதினேன். கணித ரீச்சர் கீறினது, பிழைக்காது என்று தம்பிக்குப் பெருமையாகச் சொன்னீர்.

வந்த சப்பாத்து வடிவானது. கறுப்பு, கெட்டியான அடி, பெடலில் பசை போட்டதுபோல நின்றது. தம்பி வீடியோவில் கேட்டபோது காலைத் தூக்கிக் காட்டி, அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது என்றீர். உண்மையில் இறுக்கியது. எனக்குத் தெரியும், நீர் நொண்டியதைக் கண்டேன். கேட்டபோது அவன் குளிருக்குள் நின்று உழைத்து வாங்கினது, குறை சொல்லாதேயும் என்று என் வாயை அடைத்தீர். கோதாரி விழுந்த மரியாதை! இறுக்குது என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லைச் சொல்ல உமக்கு என்ன வந்தது? தமிழ் படிப்பித்த மனுஷிக்குச் சொல்லா இல்லை?

படகில் ஒருநாள் உமது காலுறையில் இரத்தம் இருந்ததை நான்தான் முதலில் கண்டேன். உமக்கு நோகவேயில்லை, விறைத்த கால். சின்ன விரலில் புண். பிறகு மருந்து, கட்டு, ஆஸ்பத்திரி. செருப்புக்காகக் காலை வெட்டுவதா என்று எங்கள் சனம் ஒரு பேச்சுக்குக் கேட்கும். உமக்கு அந்த விரலை உண்மையாகவே வெட்டினார்கள். அதற்குப் பிறகு சைக்கிள் சுவரோடு சாய்ந்து நின்றது. நீர் பஸ்ஸுக்குக் காத்து நின்றீர். ஓட்டம் நின்றதும் சீனி ஏறியது, சிரிப்புக் குறைந்தது, எட்டு மாதத்தில் ஒரு விடியற்காலை எல்லாம் முடிந்தது. டொக்டர் மாரடைப்பு என்று எழுதினார். நான் என்றால் சப்பாத்து என்று எழுதியிருப்பேன்.

செத்த வீட்டுக்கு உமது தம்பி வந்து சேர இரண்டு நாள். வந்தவர் என்னைக் கண்டதும் கையைப் பிடித்து அழுதார். நான் கையை இழுத்துக்கொண்டேன். சனமெல்லாம் பார்க்கத்தக்கதாகச் சொன்னேன்.

"நீர் அனுப்பின சப்பாத்துத்தான் உம்மட அக்காவைக் கொண்டுபோனது."

நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பதில் சொல்ல வாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது கேளும். போன மாதம் மருமகள் எனக்குச் சப்பாத்து வாங்கித் தருவதாகச் சொன்னபோது, நானும் கதிரையில் இருந்து காலைக் கீறத் தொடங்கினேன். போனுக்குள்ளிருந்து அவள் தடுத்தாள். "இருந்துகொண்டு கீறாதேங்கோ மாமி. எழும்பி நிண்டு, முழுப் பாரத்தையும் காலில குடுங்கோ. நிக்கேக்கைதான் கால் விரியும்." அவள் சொன்னபடி எழும்பி நின்று கீறி அனுப்பினேன். கதைத்து முடிந்ததும் அலுமாரியில் என் பழைய பாடக் குறிப்புக்குள் இருந்த உமது ஒற்றையைத் தேடி எடுத்தேன். நிலத்தில் விரித்துக் கதிரையில் இருந்தபடி என் காலை அதன்மேல் வைத்தேன். கோட்டுக்குள் அளவாக இருந்தது. எழும்பி நின்றேன். சின்ன விரல் முழுக்கக் கோட்டுக்கு வெளியே போய் நின்றது. வெட்டினார்களே, அதே விரல்.

இத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு அளவிடல் படிப்பித்தவள் நான். கடைக்காரனைத் திட்டினேன், அச்சுச் செய்தவனைத் திட்டினேன், உம்மையும் திட்டினேன், சனத்துக்கு நடுவில் உமது தம்பியைக் கொலைகாரனாக்கினேன். ஒருநாளும் இல்லாத கரிசனையில் உம்மை இருத்தி வைத்துக் கீறியவளை மட்டும் ஒருத்தரும் திட்டவில்லை.

நேற்று உமது தம்பிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். பிழை என்னுடையது என்றேன். பிறகு மெல்லச் சொன்னார்.

"தெரியும் அக்கா. கடையில அகலமான சோடியும் பக்கத்திலயே இருந்தது. எங்கட அக்கான்ர கால் அகலம் எண்டு எனக்கும் ஒரு யோசினை. உங்கட அளவை வச்சுப் பாத்திட்டுத்தான் அதை வேண்டாம் எண்டனான்."

செத்த வீட்டில் அவர் இதை என்னிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்காவைப் போலத் தம்பி. இதற்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது, ஆனால் யார்மேல் என்று உமக்குத் தெரியும்.

நாளை புதுச் சப்பாத்தோடுதான் தாம்போதியால் போவேன். எதிர்க்காற்று வந்தால் உம்மைப்போல எழும்பி நின்று மிதிப்பேன். அந்த ஒற்றையைக் கிழிக்க மாட்டேன், அளவிடல் பாடத்தன்று வகுப்புக்குக் கொண்டுபோவேன். முதலில் நானே அதன்மேல் ஏறி நிற்பேன்.

இன்னும் ஒன்று. உம்மைக் கிடத்தியபோது வழக்கப்படி கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்ட வந்தார்கள். உமது கால்கள் சேரவில்லை. கட்டியவர் துணியை இழுத்து இறுக்கினார். இறுக்காதேயுங்கோ என்றேன். இனி அவவுக்கு நோகாது பிள்ளை என்றார் அவர். நான் அவருடைய கையை விலக்கி முடிச்சை அவிழ்த்தேன். உமது கால்களை அவை விரும்பிய அகலத்துக்கு விட்டு, நடுவில் துணியைத் தளர்வாகக் கட்டினேன்.