உடையாத சுவர்

ஜூன் 9
கட்டட ஆய்வாளராக, தம்பி கர்ட்டிஸின் கடற்கரை வீட்டைச் சோதித்து, விதிப்படி இருப்பதாகக் கையெழுத்துப் போட்டேன். உயரமான மரத்தூண்கள் மேல் நிற்கிற வீடு. கீழே சுவர் வைத்தால், அலை அடித்ததும் கழன்று போகிற பலகைச் சுவர்தான் வைக்கலாம். தண்ணீருக்கு வழி வேண்டும். அவன் சிமெண்ட் கல்லால் கட்டி, பெண்டாட்டிக்கு அழகு நிலையம் வைத்துக் கொடுத்திருக்கிறான்.
“நீ கண்டுக்கலேன்னா வேற யாரு பாக்கப் போறாங்கக்கா?” என்றான். இறால் பொரித்துப் போட்டான். சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 27
புயல் இங்கேதான் கரை ஏறுகிறதாம். கர்ட்டிஸ் குடும்பத்தோடு கிளம்பிவிட்டான். அவன் பக்கத்து வீட்டில் மனைவியோடு இருக்கும் ஓடெல் அசைய மாட்டேன் என்கிறார். தன் வீட்டில் ஒவ்வோர் ஆணியையும் விதிப்படி அடித்தவர்.
“நீதானே, நடீன், வந்து பாத்து இது நிக்கும்னு சொன்ன? வெர்னாவுக்கு முட்டி வலி வேற. இங்கயே இருந்துக்கறோம்.”
“இந்தத் தடவ கிளம்பிடுங்க” என்றேன். ஏன் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30
வெர்னா இறந்துவிட்டார்.

செப்டம்பர் 2
தெருவில் பலகைச் சுவர்கள் போன வீடுகளெல்லாம் நிற்கின்றன. கர்ட்டிஸின் சுவர் உடைந்து வழிவிடவில்லை. அலையின் அடி முழுவதும் தூண்களுக்குப் போயிருக்கிறது. அவை முறிந்து, வீடே மிதந்துபோய் ஓடெல் வீட்டில் மோதியிருக்கிறது. வெர்னாவின் கட்டில் மேல் கர்ட்டிஸ் வீட்டு அடுப்பு.

செப்டம்பர் 5
“அறிக்கையில காத்துதான் சாச்சுதுன்னு எழுதுக்கா” என்கிறான் கர்ட்டிஸ்.
“டேய், அந்தச் சுவரு?”
“எந்தச் சுவரு? அதான் இப்ப இல்லியே.”
சிரிக்கிறான்! அவன விடு. நீ எதுக்குடி நடீன் கையெழுத்துப் போட்ட? ஒரு தட்டு இறாலுக்கா?

செப்டம்பர் 9
அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன், என் பெயரோடு. பிறகு ஓடெல் தங்கியிருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய் நேரிலும் சொன்னேன்.
“எங்களக் கிளம்பச் சொன்னப்பவே தெரியுமா உனக்கு?”
“தெரியும்.”
“அதச் சொல்லியிருந்தா அவளத் தூக்கிட்டாவது போயிருப்பேனே.”

அக்டோபர் 3
வேலை போயிற்று. ஊரில் பாதிப் பேருக்கு நான் தம்பியைக் காட்டிக்கொடுத்தவள். மீதிப் பேருக்கு வெர்னாவைக் கொன்றவள். மீதிப் பேர் சொல்வதுதான் சரி.

நவம்பர் 14
தேவாலயத்தில் வெர்னாவுக்கு நினைவு வழிபாடு. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன்வரிசையில் கர்ட்டிஸ், ஓடெல்லின் தோளில் கை போட்டபடி. ஓடெல் அந்தக் கையைத் தட்டிவிடவில்லை.
வெளியே வரும்போது என் அருகில் நின்றார்.
“சுவரு வீட்டையே முறிக்கும்னு அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.”
கர்ட்டிஸ் தன் கார் கதவைத் திறந்து பிடித்திருந்தான். அவர் அதில் ஏறிப் போனார்.